பனகல் பூங்காவுக்கு நீரூற்று கேட்பவர்களுக்கு

பனகல் பூங்காவைச் சுற்றிக் குடியிருப்பவர்களுக்கும், கடை வைத்திருப்பவர்களுக்கும், விடிகாலையில் அங்கே நடக்க வருபவர்களுக்கும் வணக்கம்.

மெட்ரோ வேலை எப்போது முடியும் என்பதில் நம் ஒவ்வொருவரிடமும் ஒரு கணிப்பு இருக்கிறது. எந்தக் கணிப்பு பலித்தாலும் ஒருநாள் தகரத் தடுப்புகள் போய்விடும். தோண்டிய இடத்தை மூடி, பூங்காவைத் திருத்தி நம்மிடம் திருப்பித் தருவார்கள். அப்போது என்ன கேட்கலாம் என்ற பேச்சு பல்பொருள் அங்காடி வரிசையிலும் கோயில் பிராகாரத்திலும் இப்போதே நடக்கிறது. எங்கே கேட்டாலும் முதலில் வரும் பதில் ஒன்றுதான்: நடுவில் பெரிதாக ஒரு ஃபவுண்டன், அதற்கு வண்ண விளக்கு, முடிந்தால் பாட்டுக்கு ஏற்ப ஆடும் தண்ணீர்.

இந்த ஆசையைக் கேலி செய்ய எனக்கு மனமில்லை. மே மாத வெயிலில் தி. நகரில் நடப்பவருக்குத் தண்ணீரின் சத்தம் கேட்டாலே போதும் என்றிருக்கும். ஆனால் நீரூற்று கேட்கும் மனுவில் கையெழுத்துப் போடுவதற்கு முன், இந்த ஊர் ஏற்கெனவே வைத்திருந்த ஒரு நீரூற்றின் கதையை நீங்கள் கேட்க வேண்டும் என்று நினைக்கிறேன். நம் பேட்டையிலிருந்து சில கிலோமீட்டர் வடக்கே அது இருக்கிறது. அதன் கதைக்கும் நம் தெருக்களுக்கும் நேரடியான தொடர்பும் உண்டு.

சென்ட்ரல் நிலையத்துக்கும் ரிப்பன் மாளிகைக்கும் நடுவே, பூந்தமல்லி நெடுஞ்சாலையைப் பார்த்தபடி விக்டோரியா பப்ளிக் ஹால் நிற்கிறது. ராபர்ட் சிஷோம் வரைந்து, நம்பெருமாள் செட்டியார் கட்டிய கட்டடம். அந்த வளாகத்தில் இருப்பதுதான் டிரெவலியன் நீரூற்று. பேருந்து ஜன்னல் வழியே சிவப்புக் கட்டடத்தைப் பார்த்தவர்கள் லட்சக்கணக்கில் இருப்பார்கள். நீரூற்றைக் கவனித்தவர்கள் மிகக் குறைவு. எனக்கு நினைவு தெரிந்த காலத்தில் அது தண்ணீர் இல்லாத அலங்காரக் கல்லாகவே இருந்தது. ஆளுநர் ஒருவரின் உருவம் பொறித்த சிலை வகையறா என்று எண்ணித்தான் பலரும் அதைக் கடந்து போனார்கள்.

சார்லஸ் டிரெவலியன் சென்னைக்கு ஆளுநராக வந்தது 1859ல். மெக்காலேயின் தங்கையை மணந்தவர். 1840களில் அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பயிர் அழுகிப் பெரும் பஞ்சம் வந்தபோது லண்டன் கருவூலத்தில் உயர் அதிகாரியாக இருந்தார். நிவாரணத்தை அவர் இறுக்கிப் பிடித்த விதத்துக்காக அயர்லாந்துக்காரர்கள் இன்றும் அவரை மன்னிக்கவில்லை. அதே மனிதர் இங்கே வந்து வேறு மாதிரி நடந்துகொண்டார். கல்கத்தாவில் நிதி உறுப்பினர் ஜேம்ஸ் வில்சன் கொண்டுவந்த புதிய வரிகள் தெற்கே தேவையில்லை என்று எழுதி, எழுதியதைப் பத்திரிகைகளுக்கும் கொடுத்துவிட்டார். மேலிடம் பொறுக்குமா? 1860ல் திரும்பி வரச் சொல்லிவிட்டார்கள். ஒன்றரை ஆண்டுகூட அவர் இங்கே இல்லை.

அந்தக் குறுகிய காலத்தில் அவர் தொடங்கிவைத்தவற்றில் இரண்டு நமக்கு முக்கியம். ஒன்று, பீப்பிள்ஸ் பார்க். இன்றைய சென்ட்ரலுக்கு மேற்கே 116 ஏக்கரில், பதினொரு குளங்களோடும் வண்டிச் சாலைகளோடும் வாத்திய மேடையோடும் அமைந்த பொதுப் பூங்கா. பிற்பாடு மிருகக்காட்சி சாலையும் அங்கேதான் வந்தது. இன்னொன்று, நகரத்துக்குக் குடிநீர் கொண்டுவரும் யோசனைகள். அவர் பெயரில் நீரூற்று எழுந்ததற்கு இதுதான் காரணம். வேறு ஆளுநர்களுக்குக் குதிரையும் வாளும் கிடைத்தன. இவருக்குத் தண்ணீர் கிடைத்தது.

அந்தக் காலத்துச் சென்னையில் தண்ணீர் எங்கிருந்து வந்தது? கோட்டைக்கு ஏழு கிணறு இருந்தது. 1772ல் கேப்டன் பேக்கர் போட்ட திட்டம் அது. மற்றவர்களுக்கு வீட்டுக் கிணறு, கோயில் குளம், ஏரி, தண்ணீர் சுமந்து விற்பவர். கிணற்றுக்குப் பக்கத்திலேயே கழிவுக் குழி. வாந்திபேதி ஆண்டுதோறும் வந்துபோகும் விருந்தாளி. 1866ல் வில்லியம் ஃபிரேசர் என்ற பொறியாளர் ஒரு வழி சொன்னார். கொசஸ்தலை ஆற்றைத் தாமரைப்பாக்கத்தில் மறித்து, சோழவரம் ஏரிக்கும் அங்கிருந்து செங்குன்றம் ஏரிக்கும் நீரைத் திருப்பி, செங்குன்றத்திலிருந்து திறந்த வாய்க்கால் வழியாகக் கீழ்ப்பாக்கத்துக்குக் கொண்டுவந்து, இரும்புக் குழாய்களில் ஊருக்குள் விடுவது. 1872ல் அந்தத் தண்ணீர் நகரத்துக்குள் வந்துவிட்டது.

இந்த ஏற்பாட்டில் பம்பு கிடையாது. ஏரி மேட்டில், ஊர் பள்ளத்தில். தண்ணீர் தானாக இறங்கி ஓடி வந்தது. அந்தக் காலத்து நீரூற்றுகளும் இதே விதியில்தான் இயங்கின. குழாயில் வரும் நீர், தான் புறப்பட்ட உயரத்தை நோக்கி எழப் பார்க்கும். வழியில் உராய்வில் இழந்தது போக மீதி வேகம்தான் நாம் பார்க்கும் பீச்சு. ஆகவே நாற்சந்தியில் நின்று ஒரு நீரூற்றைப் பார்த்தவருக்குத் தண்ணீர் வந்துவிட்டது என்பதோடு எவ்வளவு அழுத்தத்தில் வந்திருக்கிறது என்பதும் தெரிந்தது. பீச்சு தாழ்ந்தால் எங்கோ கசிவு, அல்லது ஏரியில் மட்டம் குறைவு. படிக்கத் தெரியாதவரும் படித்துவிடக்கூடிய அறிக்கை அது.

இதனால்தான் அந்தத் தலைமுறையில் குழாய்த் தண்ணீர் வந்த ஊர்கள் பலவற்றில் நீரூற்றோ மண்டபமோ எழுந்தது. பம்பாய்க்கு விஹார் ஏரித் தண்ணீர் 1860ல் வந்தது. 1864ல் ஃப்ளோரா ஃபவுண்டன் நின்றது. புதுச்சேரியில் முத்திரையர்பாளையத்து நீரை நகருக்குக் கொண்டுவந்ததை நினைத்து, மூன்றாம் நெப்போலியன் காலத்தில் பூங்கா நடுவில் ஆயி மண்டபம் கட்டினார்கள். தன் மாளிகையை இடித்துக் குளம் வெட்டிய ஆயி என்ற பெண்ணின் கதையை அதோடு சேர்த்துச் சொல்வார்கள். அலங்காரம் என்று நாம் நினைப்பவை எல்லாம் உண்மையில் ரசீதுகள். ஊர் வரி கொடுத்தது, தண்ணீர் வந்தது, இதோ பார் என்று காட்டுவதற்காக வைத்தவை.

சரி, சென்னையின் ரசீது எப்படித் தொலைந்தது? யாரும் அதை உடைக்கவில்லை. இரண்டு பக்கத்திலிருந்தும் அது மெல்லத் தொலைந்தது.

முதலில் இடம் போயிற்று. பீப்பிள்ஸ் பார்க்கின் ஓரத்தில் விக்டோரியா ஹால் வந்தது. 1900ல் மூர் மார்க்கெட் வந்தது. 1913ல் ரிப்பன் மாளிகை. பிறகு விளையாட்டரங்கம், கடைகள், வண்டி நிறுத்தம். 1985ல் மிருகக்காட்சி சாலை வண்டலூருக்குப் போயிற்று. அதே ஆண்டு மூர் மார்க்கெட் எரிந்தது. அந்த இடத்தில் புறநகர் ரயில் முனையம் எழுந்தது. ஒவ்வொன்றுக்கும் நியாயம் இருந்தது. ஒவ்வொன்றும் ஊருக்குத் தேவைதான். ஆனால் தனித்தனியாக நியாயமான முடிவுகள் ஒன்றுசேர்ந்தபோது 116 ஏக்கர் பூங்கா கரைந்துபோயிற்று. நீரூற்றைச் சுற்றி நிற்க ஓர் இடம், உட்கார ஒரு திண்ணை, பார்ப்பதற்கு ஒரு தூரம், எதுவும் மிஞ்சவில்லை. வேலிக்குள் கல் மட்டும் இருந்தது.

பிறகு அழுத்தம் போயிற்று. இங்கேதான் நம் பேட்டைக்காரர் ஒருவர் கதைக்குள் வருகிறார். மேட்லி சாலை, மேட்லி சுரங்கப்பாதை என்று தினமும் சொல்கிறோமே, அந்த ஜே. டபிள்யூ. மேட்லி. செங்குன்றத்து நீர் வடிகட்டாமல், திறந்த வாய்க்காலில் வந்துகொண்டிருந்த நிலையை மாற்றியவர் அவர்தான். மூடிய கால்வாய், மணல் வடிகட்டிகள், நீராவி எந்திரங்கள், உயர்த்திக் கட்டிய இரும்புத் தொட்டி என்று கீழ்ப்பாக்கம் நீரேற்று நிலையத்தை உருவாக்கினார். 1914ல் அது இயங்கத் தொடங்கியது. 1961ல் சென்னையில் 6.6 லட்சம் பேர் இருப்பார்கள், ஆளுக்கு நாளொன்றுக்கு 25 காலன் வேண்டும் என்று கணக்குப் போட்டுக் கட்டினார்கள். 1961 கணக்கெடுப்பு வந்தபோது நகரத்தில் 17 லட்சம் பேர் இருந்தார்கள்.

பூண்டி நீர்த்தேக்கம் 1944ல் வந்தது. மேயராக இருந்த சத்தியமூர்த்தி போராடிப் பெற்றது. 1978ல் குடிநீர் வாரியம் அமைந்தது. 1990களில் கிருஷ்ணா நீர், 2004ல் வீராணம், பிறகு கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைகள் என்று ஆதாரங்கள் கூடிக்கொண்டே வந்தன. ஆனாலும் நாள் முழுதும் குழாயில் அழுத்தத்தோடு நீர் நிற்கும் நிலை நமக்கு வாய்க்கவில்லை. குழாய் வாசலுக்கு வந்தும் தண்ணீர் மேலே ஏறாததால் அதன் தலையில் ஓர் அடிபம்பைப் பொருத்திக்கொண்ட ஊர் இது. அப்புறம் சம்ப், மோட்டார், மாடியில் கறுப்புத் தொட்டி. விடியற்காலை நாலு மணிக்குப் பக்கத்து வீட்டு அடிபம்பு கிரீச்சிட்டால் தண்ணீர் வந்துவிட்டது என்று அர்த்தம். அந்த ஊரில் ஒரு பொது நீரூற்று தானாக எப்படிப் பீச்சும்? வீட்டுக் குழாயில் என்றைக்கு அழுத்தம் போயிற்றோ அன்றைக்கே அது நின்றுவிட்டது என்றுதான் கொள்ள வேண்டும்.

இதிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்று. இன்று நாம் கேட்கும் நீரூற்றும் அன்று அவர்கள் வைத்த நீரூற்றும் பார்வைக்கு ஒன்றுபோல இருந்தாலும் வேலையில் வேறு. இன்றையது ஒரு தொட்டி, அதற்குள் ஒரு மோட்டார். ஒரே தண்ணீரைத் திரும்பத் திரும்ப மேலே தூக்கிப் போடும். ஊரில் தண்ணீர் இருக்கிறதா, ஏரி நிறைந்ததா, குழாய் கசிகிறதா என்று அது எதையும் சொல்லாது. செங்குன்றம் வறண்ட நாளிலும் லாரியில் தண்ணீர் வாங்கி ஊற்றினால் அதுபாட்டுக்கு ஆடும். 2019 கோடையை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். நகரத்துக்குக் குடிநீர் தரும் நான்கு ஏரிகளும் கிட்டத்தட்டத் தரை தெரியக் காய்ந்தன. ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் ஏற்றி வில்லிவாக்கத்துக்குக் கொண்டுவந்து, அங்கிருந்து மேட்லி கட்டிய அதே கீழ்ப்பாக்கம் நிலையத்துக்குக் குழாய் வழியே அனுப்பினார்கள். உணவகங்கள் மதியச் சாப்பாட்டை நிறுத்தின. அலுவலகங்கள் ஊழியர்களை வீட்டிலிருந்து வேலை பார்க்கச் சொன்னன. அந்த மாதங்களில் நம் பூங்காவின் நடுவில் வண்ண விளக்கில் ஒரு நீரூற்று ஆடிக்கொண்டிருந்திருந்தால் நமக்கு எப்படி இருந்திருக்கும்?

இப்போது நம் காலடியைப் பார்ப்போம். தி. நகர் எதன்மேல் நிற்கிறது என்பது பழைய குடும்பங்களுக்குத் தெரியும். நுங்கம்பாக்கத்திலிருந்து சைதாப்பேட்டைப் பக்கம் வரை மவுண்ட் ரோட்டுக்கு மேற்கே நீண்டு கிடந்த ஏரி. மயிலாப்பூர் ஏரி என்றும் லாங் டேங்க் என்றும் அழைத்தார்கள். வெள்ளைக்காரர்கள் அதில் படகுப் போட்டி நடத்தினார்கள். நகரத்தில் வீட்டுக்கு இடம் போதவில்லை என்றபோது 1920ல் வந்த நகரமைப்புச் சட்டத்தின் துணையோடு, 1923 முதல் ஏரியை வடித்து மனைகள் பிரித்தார்கள். சென்னை மாநகராட்சியின் அதிகாரி அல்லாத முதல் தலைவராக இருந்த பிட்டி தியாகராயரின் பெயரைப் புது நகருக்கு வைத்தார்கள். நீதிக்கட்சித் தலைவர்கள் தெருக்களில் வந்து அமர்ந்தார்கள்: உஸ்மான், நாயர், நடேசன், தணிகாசலம். நடுவில் சாலைகள் கூடும் இடத்தில் ஒரு பூங்காவை விட்டு, முதலமைச்சராக இருந்த பனகல் அரசர் ராமராயநிங்காரின் பெயரை அதற்கு இட்டார்கள்.

ஏரியை எடுத்துவிட்டார்களே தவிர, ஏரிக்கு வந்துகொண்டிருந்த தண்ணீருக்கு யாரும் விலாசம் மாற்றித் தரவில்லை. அது பழைய விலாசத்துக்கே வருகிறது. வள்ளுவர் கோட்டப் பக்கத்திலிருந்து நந்தனம் வழியாக அடையாற்றுக்குப் போகும் மாம்பலம் கால்வாய் ஒன்றுதான் அதற்கு மிஞ்சிய வழி. 2015 டிசம்பரிலும் 2021 நவம்பரிலும் அந்த வழி போதவில்லை. நம் தரைத்தளங்களில் தண்ணீர் ஏறியது. பெருமழை வேண்டியதில்லை, நடுத்தர மழைக்கே மேட்லி சுரங்கப்பாதையை மூடிவிடுகிறார்கள். இந்த ஊருக்கு வடிகட்டிய தண்ணீரைக் கொண்டுவந்த மனிதரின் பெயர் நமக்கு இன்று வெள்ளச் செய்தியில்தான் காதில் விழுகிறது.

ஆக, கோடையில் நிலத்தடி நீர் இறங்கி லாரியை எதிர்பார்க்கும் பேட்டை, கார்த்திகையில் முழங்கால் தண்ணீரில் நிற்கும் பேட்டை, இரண்டும் நம்முடையதே. இந்தப் பேட்டையின் நடுவிலுள்ள ஒரே பெரிய திறந்த மண் தரை பனகல் பூங்கா. அங்கே தண்ணீருக்கு ஓர் இடம் கேட்பது மிகவும் சரி. என்ன உருவத்தில் கேட்கிறோம் என்பதில்தான் என் விண்ணப்பம்.

உருவத்துக்கு முன்மாதிரி தேடி பம்பாய்க்கோ பாரிஸுக்கோ போக வேண்டாம். மயிலாப்பூருக்குப் போனால் போதும். கபாலீசுவரர் கோயில் குளம் என்ன? நான்கு மாட வீதிகளுக்கு நடுவே ஊர் கூடும் சதுக்கம்தான். நடுவில் நீராழி மண்டபம், அழகுக்கு அழகு. தைப்பூசத்தை ஒட்டி மூன்று இரவு தெப்பம்; விழாவுக்கு விழா. அதே சமயம் குளத்தின் படிகள் ஓர் அளவுகோல். மேற்படி வரை நீர் நின்றால் சுற்றியுள்ள தெருக்களின் கிணறுகள் நன்றாக இருக்கின்றன என்று எந்தப் பாட்டியும் சொல்லிவிடுவார். இருபதாண்டுகளுக்கு முன் வறண்ட காலத்தில் குளத்துக்குள் பையன்கள் கிரிக்கெட் ஆடினார்கள். அதைப் பார்த்தவர்களுக்குத் தண்ணீர்ப் பஞ்சம் பற்றி யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. 2003ல் மழைநீர்ச் சேகரிப்பு வீடுதோறும் கட்டாயமானபோது மயிலாப்பூர்க்காரர்கள் அதைச் சீக்கிரம் ஏற்றுக்கொண்டதில் வறண்ட குளத்தைக் கண்ணால் பார்த்ததற்கும் பங்கு இருக்கும் என்று நான் நம்புகிறேன்.

அதே மாட வீதிகளில் பங்குனி அறுபத்துமூவர் நாளன்று இன்னொன்றையும் பார்க்கலாம். சில அடிக்கு ஒரு தண்ணீர்ப் பந்தல். நீர்மோர், பானகம், வெறும் தண்ணீர். யார் என்று கேட்காமல் நீட்டப்படும் குவளை. நீரூற்று என்ற ஐரோப்பியப் பழக்கத்துக்கும் ஆதியில் இந்த முகம் இருந்தது; பல நீரூற்றுகளில் மக்கள் குடம் பிடித்தார்கள். பின்னால்தான் குடிக்கும் பாதி உதிர்ந்து பார்க்கும் பாதி மட்டும் மிஞ்சியது. நாமும் மிஞ்சிய பாதியை மட்டும் எதற்குக் கேட்க வேண்டும்?

உங்களில் சிலர் இந்த இடத்தில் மடலை மடித்து வைத்துவிட்டுக் கேட்பது எனக்குக் கேட்கிறது: "எல்லாவற்றுக்கும் பயன் கணக்குப் பார்த்தால் ஊரில் அழகே இருக்காதே, சார்? பம்பாயில் பழைய ஃபவுண்டனைச் சரிசெய்து ஓட விடவில்லையா?" நியாயமான கேள்வி. 2019ல் ஃப்ளோரா ஃபவுண்டனைப் பழுதுபார்த்து மீண்டும் நீர் விட்டார்கள். அதைச் சுற்றி நடப்பதற்கு இடம் ஒதுக்கினார்கள். நூற்றைம்பது ஆண்டு பழைய கல்லைக் காப்பது ஊரின் கடமை. டிரெவலியன் நீரூற்றுக்கும் அதே மரியாதை கிடைக்க வேண்டும் என்று நாமும் கேட்கலாம், கேட்கவும் வேண்டும். ஆனால் இல்லாத பழமைக்குப் புதிதாக ஃபைபர் அன்னப்பறவை வைப்பது வேறு.

அதன் ஆயுளும் நமக்குத் தெரிந்ததுதான். திறப்பு விழாவன்று பீச்சும். நம் ஊர் உப்புத் தண்ணீரில் சில மாதத்தில் முனைகள் அடைபடும். முதலில் விளக்குகள் போகும், பிறகு மோட்டார். ஒப்பந்தக்காரரின் பராமரிப்புக் காலம் அதற்குள் முடிந்திருக்கும். தொட்டியில் மழைநீர் தேங்கும், அதில் காகிதக் குவளைகள் மிதக்கும். ஓடாத நீரூற்று வெறுமனே அசிங்கமாக இருந்தால்கூடப் பரவாயில்லை. சென்னையில் மலேரியாவைப் பரப்பும் அனாபிலஸ் ஸ்டீபன்சி என்ற கொசு கிணறு, மேல்நிலைத் தொட்டி, அலங்கார நீர்த்தொட்டி ஆகியவற்றின் தெளிந்த நீரில்தான் முட்டையிடும். மாடித் தொட்டிக்கு மூடி இல்லை என்று நமக்கு அபராதம் போடும் மாநகராட்சியிடம் நாமே மூடியில்லாத ஒரு பெரிய தொட்டியைக் கேட்டு வாங்குவதாக ஆகிவிடும். கடைசியில் யாரோ ஒரு நல்ல அதிகாரி வந்து அதில் மண் நிரப்பிக் குரோட்டன்ஸ் செடி நடுவார். இந்த ஊரின் எத்தனையோ ரவுண்டானாக்களில் இந்த நாடகம் முடிந்துவிட்டது.

எனவே மனுவை இப்படி எழுதலாம் என்பது என் யோசனை.

முதலில் தண்ணீர்க் குழாய். பூங்காவின் ஒவ்வொரு வாசலிலும், மெட்ரோ நிலையத்தின் ஒவ்வொரு வெளி வாயிலிலும், சுத்திகரித்த குடிநீர் வரும் குழாய். குழந்தைக்கு எட்டும் உயரத்தில் ஒன்று, பெரியவர் குனியாமல் குடிக்க ஒன்று. தீபாவளிக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமையில் ரங்கநாதன் தெருவுக்கும் பாண்டி பஜாருக்கும் வரும் கூட்டத்தை நினைத்துப் பாருங்கள். வெளியூரிலிருந்து வந்து, கைநிறையப் பைகளோடு நிற்பவர் இங்கே தண்ணீர் குடிக்க வேண்டுமானால் பாட்டில்தான் வாங்க வேண்டும். கடை வாசலில் நாள் முழுக்க நின்று கூவி அழைக்கும் பையன்களுக்கும், நடைபாதையில் பூ விற்கும் அம்மாக்களுக்கும் அதுவும் கட்டுப்படியாகாது. கல்லில் நல்ல வேலைப்பாட்டோடு அந்தக் குழாயை அமைக்கச் சொல்லுங்கள். மாமல்லபுரத்தில் சிற்பம் படித்த இளைஞர்கள் இருக்கிறார்கள். உங்களுக்கு வேண்டிய அலங்காரம் அங்கே வரட்டும்.

இரண்டாவது, தாழ்ந்த தரை. பூங்காவைத் திருத்தும்போது சாலையைவிட உயர்த்தி மண் கொட்டிச் சிமென்ட் கல் பதிப்பதே வழக்கம். அதற்கு எதிராகக் கேட்போம். ஒரு பகுதி சாலைக்குக் கீழே இறங்கி, மழை நாளில் நீர் தேங்கி, ஓரிரு நாளில் மண்ணுக்குள் இறங்கிவிடுவதாக இருக்கட்டும். மாநகராட்சியே சில பூங்காக்களில் இத்தகைய அமைப்பை உருவாக்கியிருக்கிறது. ஸ்பாஞ்ச் பார்க் என்று அதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். ஏரி இருந்த இடத்துக்கு இதைவிடப் பொருத்தமான வேறு ஏற்பாடு எனக்குத் தெரியவில்லை. சாக்கடை கலக்காமல் பார்த்துக்கொள்வது மட்டும் நிபந்தனை.

மூன்றாவது, ஒரு கிணறு. இதுதான் நீரூற்றுக்குப் பதிலாக நான் கேட்பது. பூங்காவின் நடுவில், பத்திரமான கம்பி வலை போட்ட, எட்டிப் பார்க்கும்படியான வட்டக் கிணறு. உள்சுவரில் அடிக்கு ஒரு கோடு, கோட்டுக்கு ஓர் எண். ஒவ்வொரு மாதமும் முதல் தேதி நீர்மட்டம் எந்தக் கோட்டில் நிற்கிறது என்று பக்கத்தில் ஒரு பலகையில் எழுதி வைக்க வேண்டும். அதற்கு அடுத்த வரியில் செங்குன்றம், பூண்டி, சோழவரம், செம்பரம்பாக்கம் ஏரிகளின் அன்றைய இருப்பு. இந்தக் கணக்குகளை அரசு எடுத்துக்கொண்டுதான் இருக்கிறது. நாம் தினம் நடக்கும் இடத்தில் அவை இல்லை, அவ்வளவே. பள்ளிப் பிள்ளைகள் எட்டிப் பார்த்துச் சொல்வார்கள்: போன மாதம் பதினாறு, இந்த மாதம் இருபது. அந்தப் பேச்சு வீட்டுக்குப் போகும். ஒரு காலத்தில் நீரூற்று செய்த வேலை இதுதான்: ஊரின் தண்ணீர்க் கணக்கை ஊருக்கு நடுவில் வைப்பது.

நான்காவது, பொறுப்பு. இவற்றில் எதைக் கட்டினாலும் ஆண்டுக்கு எவ்வளவு பராமரிப்புத் தொகை, எந்த அலுவலகம் பொறுப்பு, குழாய் பழுதானால் எத்தனை நாளில் சரிசெய்ய வேண்டும் என்பது ஒப்பந்தத்திலேயே இருக்க வேண்டும். அந்த விவரம் வாசல் பலகையில் தமிழில் எழுதப்பட வேண்டும். திறந்துவைத்தவர் பெயரைப் பொறிக்கும் கல்லுக்குப் பாதி அளவு இருந்தால் போதும்.

இவ்வளவையும் கேட்ட பிறகும் நீரூற்று வேண்டும் என்று உங்களில் பெரும்பாலோர் நினைத்தால் அதையும் எழுதிக்கொள்ளுங்கள், நானும் கையெழுத்திடுகிறேன். ஒரே ஒரு வரியை மட்டும் சேர்க்கச் சொல்வேன். அது பூங்காவில் சேகரித்த மழைநீரில் மட்டும் ஓட வேண்டும். கிணற்றில் மட்டம் குறிப்பிட்ட கோட்டுக்குக் கீழே போனால் நிறுத்திவிட வேண்டும். மார்கழியில் ஓடி, வைகாசியில் நிற்கும் நீரூற்றை யாரும் பழுது என்று சொல்ல வேண்டாம். ஏன் நிற்கிறது என்று பலகை சொல்லும்.

பூங்காவின் வரைபடம் மேசைக்கு வருவதற்கு முன் நம் மனு போய்ச் சேர்வதுதான் முக்கியம். வந்த பிறகு சொல்பவை ஆட்சேபணைக் குறிப்புகளாகக் கோப்பில் சேரும். முன்னால் சொல்பவை சில சமயம் வரைபடத்தில் சேரும். குடியிருப்போர் சங்கங்களும் வியாபாரிகள் சங்கமும் நடைப்பயிற்சி நண்பர்களும் தனித்தனியாக மூன்று மனு கொடுக்காமல் ஒரே மனுவாகக் கொடுப்போம். உங்கள் வார்டு கவுன்சிலரிடம் ஒரு பிரதி, மண்டல அலுவலகத்தில் ஒரு பிரதி, மெட்ரோ நிறுவனத்துக்கு ஒரு பிரதி. ஒப்புகைச் சீட்டு வாங்காமல் வராதீர்கள்.

அன்புடன்,
தி. நகர்வாசி ஒருவர்